ஒன்பது பைட்டும் சோமாவதி அக்காவும்

போன மாதம் ஒரு நாள் காலையில் துர்கா தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வியே, “அங்கிள், யாரு இந்த சோமாவதி?” என்பதுதான். ஸ்பீக்கர் போட்டிருந்தேன். பக்கத்தில் பொன்னாங்கண்ணி ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவியின் கை நின்றது. முப்பத்து மூன்று வருடக் குடும்ப வாழ்க்கையில் என்மேல் சந்தேகப்பட அவளுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. விடுவாளா?

துர்கா, நான் வேலை பார்த்த கொம்பனியில் இப்போது இருக்கும் பொறியியலாளர். நாங்கள் செய்தவை சின்னச் சின்னப் பெட்டிகள். தண்ணீர்த் தாங்கி நிரம்பிவிட்டதா, குளிர் அறை சூடாகிறதா, வேலிக் கம்பி அறுந்ததா என்று ஓரிடத்தில் நடப்பதை இன்னோர் இடத்துக்குச் சொல்பவை. அந்தப் பெட்டிக்குள் ஓடும் இயங்குதளத்தில், வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கிப் பிரித்து வாசிக்கும் வலையமைப்புப் பகுதி எங்கள் குழுவின் பொறுப்பு. இப்போது அதை ஒரு புதிய மொழியில் திருப்பி எழுதுகிறார்களாம். வந்த செய்தியின் எல்லையைத் தாண்டி ஒரு பைட்டைக்கூட வாசிக்க அந்த மொழி விடாதாம்.

“எல்லா டெஸ்ட்டும் பாஸ், அங்கிள். இந்த சோமாவதி மட்டும் ஃபெயில் ஆகிக்கிட்டே இருக்கு. ஒன்பது பைட் செய்தி ஒன்னுதான். இனிமே எல்ல தாண்டி வாசிக்கவே முடியாதே, இந்த டெஸ்ட் எதுக்கு? தூக்கிடவா?”

“தூக்காதீங்க. ரெண்டு நாள் டைம் தாங்க, எழுதி அனுப்புறேன்” என்றேன்.

போனை வைத்ததும் மனைவி கேட்டாள். “லக்கலயிலருந்து பயறு அனுப்புவாங்களே, அந்த சோமாவதியா?”

“அவங்கதான்.”

“அத மொதல்லயே அந்தப் புள்ளக்கிட்ட சொல்றதுக்கு என்ன?” என்று மறுபடி கீரைக்குப் போய்விட்டாள். சொல்வதற்கு அது அவ்வளவு சின்ன விஷயம் இல்லை. துர்காவுக்கு நான் எழுதி அனுப்பியது இதுதான்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிறந்து வளர்ந்தது மாத்தளை டவுனில், தேர் ஓடும் வீதியில். தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம். பிறகு பதினொரு வருடம் தொலைபேசிக் கம்பங்களில் ஏறி இறங்கினேன். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும், முப்பத்தைந்து வயதில், பிள்ளைகளோடு சரிக்குச் சரியாக உட்கார்ந்து கம்ப்யூட்டர் படித்தேன். நாற்பத்தொன்றில் இந்தக் கொம்பனிக்கு வந்தபோது என் மேலதிகாரிக்கு வயது முப்பத்திரண்டு. பரீனா மிஸ். நான் அவரை ‘மிஸ்’ என்பேன், அவர் என்னை ‘அண்ணன்’ என்பார். கடைசி வரைக்கும் அது மாறவில்லை.

மிஸ்ஸும் எங்கள் ஊர்தான், மாத்தளையில் கொங்காவல. அவருடைய வாப்பா மிளகும் கராம்பும் வாங்கி விற்ற வியாபாரி. வேலையில் மிஸ்ஸின் பழக்கம் எல்லாம் அந்தக் கடையிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். நாம் எழுதியதை அவர் திரையில் பார்க்க மாட்டார். கட்டம் போட்ட கொப்பி ஒன்றை எடுத்து மேசையில் வைப்பார். ஒரு கட்டம் ஒரு பைட். வந்த செய்தி பன்னிரண்டு பைட் என்றால் பன்னிரண்டு கட்டத்தைப் பென்சிலால் நிரப்புவார். அது முடிகிற இடத்தில் அடிமட்டம் வைத்துச் சிவப்பில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம், “அடுத்தவங்கட காணி” என்று சின்னதாக எழுதுவார். பிறகு நாம் எழுதிய வரிகளை ஒவ்வொன்றாக நம் வாயாலேயே வாசிக்கச் சொல்வார். நாம் வாசிக்க வாசிக்க அவருடைய விரல் கட்டம் கட்டமாக நகரும். விரல் சிவப்புக் கோட்டைத் தொட்டால் நின்றுவிடும். பிழை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

“இந்த நீளத்த ஆரு சொன்ன, அண்ணன்?”

சேர்ந்த முதல் மாதமே எனக்கு அந்தக் கேள்வி விழுந்தது. பெட்டிகள் ஒன்றையொன்று, ‘உயிரோடு இருக்கிறாயா?’ என்று விசாரித்துக்கொள்ளும். கேட்கிற பெட்டி சில எழுத்துகளை அனுப்பி, இத்தனை எழுத்து அனுப்பியிருக்கிறேன், அப்படியே திருப்பி அனுப்பு என்று சொல்லும். நானும் பெரிய தர்மவான் மாதிரி, கேட்டதை அப்படியே கொடுக்கும்படி எழுதியிருந்தேன். மிஸ் ஐந்து எழுத்தை அனுப்பிவிட்டு ஐம்பது என்று பொய் சொன்னார். என் பெட்டி ஐந்தையும் கொடுத்து, மேலே நாற்பத்தைந்தைப் பக்கத்து நினைவகத்திலிருந்து அள்ளிக் கொடுத்தது. அந்த நாற்பத்தைந்துக்குள் பெட்டியின் கடவுச்சொல் கிடந்தது. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

“இந்த நீளத்த ஆரு சொன்ன, அண்ணன்?”

“செய்திதான் சொல்லிச்சு, மிஸ்.”

“எங்கட வாப்பா செல்லுவாரு, மூட்டைல கரியால எழுதின நிறைய வாசிக்காதே, தராசுல போடுன்னு. செய்தி செல்றது மூட்டைல எழுதினது. உண்மையா எத்தன பைட் வந்திச்சின்னு செய்திய வாங்குற ரேடியோவுக்குத் தெரியும். அதான் தராசு.”

வலையமைப்புப் பகுதியில் எல்லை மீறி வாசிப்பதைத் தடுக்கும் கலை முழுக்க இந்த இரண்டு வரிக்குள் அடக்கம். நான் அதன் பிறகு படித்த தடித்த புத்தகங்கள் எதுவும் இதைவிட அதிகமாகச் சொல்லவில்லை. ஒரு பைட்டைத் தொடுவதற்கு முன்னால் கையில் எத்தனை இருக்கிறது என்று பார், போதாவிட்டால் தொடாதே. எங்கள் குழுவில் இன்னொரு சட்டமும் இருந்தது. யார் எதை மாற்றினாலும் இன்னொருவர் கொப்பியில் கட்டம் போட்டுப் பார்த்த பிறகுதான் அது வெளியே போகும். பத்து வருடத்துக்கு மேல் அந்தச் சட்டத்தை மீறாமல் இருந்தேன். ஒரு தடவை மீறினேன்.

லக்கல பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு யானை வேலிப் பெட்டி போட்டுக் கொடுத்திருந்தோம். ஊரைச் சுற்றி மின்சார வேலி. நாற்பது கம்பங்கள், ஒவ்வொன்றிலும் பெட்டரியில் ஓடும் ஒரு சின்னக் கருவி. கம்பி அறுந்தால் கருவி பன்னிரண்டு பைட் செய்தி ஒன்றை அனுப்பும். கடைசி இரண்டு பைட் கம்பத்தின் இலக்கம். ஊர் நடுவில் இருக்கும் எங்கள் பெட்டி அதை வாசித்து சைரன் அடிக்கும், எல்லோருடைய போனுக்கும் கம்ப இலக்கத்தை அனுப்பும். ஆட்கள் அந்தப் பக்கம் ஓடுவார்கள்.

போட்டு எட்டு மாதத்தில் ஒரு பெண் அழைத்தார். கிராம சேவகரின் ஒபிஸிலிருந்து என் இலக்கத்தை வாங்கியிருந்தார். பேசியது சிங்களத்தில்; இங்கே தமிழில் எழுதுகிறேன், ஐயா என்று அவர் என்னை அழைத்த ‘மஹத்தயா’வை மட்டும் அப்படியே விட்டு. பெயர் சோமாவதி. வீடு ஊரின் தெற்குக் கடைசியில், முப்பத்தோராம் கம்பத்துக்குப் பக்கத்தில்.

“மஹத்தயா, பெட்டி சில நேரம் வாயே திறக்குறதில்ல. போன கிழம கம்பி அறுந்து கெடக்குது, சைரன் அடிக்கல. என் புருஷனுக்குப் பாரிசவாதம், ஒக்கார வச்சா ஒக்காருவாரு, நடக்க மாட்டாரு. யானை வந்தா அவரத் தூக்கிக்கிட்டு வெளிய போக ரெண்டு பேராவது வேணும். சைரன் கேட்டாத்தானே ஆளுங்க வருவாங்க.”

என்ன நடக்கிறது என்று எனக்கு உடனே தெரிந்தது. பெட்டரி இறங்கும்போது கருவியின் செய்தி பாதியில் அறுந்து, பன்னிரண்டுக்குப் பதில் ஒன்பது பைட்தான் வரும். நான் எழுதிய இரண்டு வரிக் காவல் ஒன்று உண்டு: வந்தது சொன்னதைவிடக் குறைவென்றால் செய்தியைத் தூக்கிப் போடு. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் சோமாவதி அக்காவுக்கு அது ஊமைப் பெட்டி.

“ஒன்னுமே சொல்லாம இருக்கிறதுக்கு, எதையாவது சொல்லட்டும் மஹத்தயா” என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மிஸ் அப்போது உம்மாவைக் கூட்டிக்கொண்டு உம்றாவுக்குப் போயிருந்தார். புதுப் பெட்டரி வாங்கி, லக்கலைக்கு ஆள் அனுப்பி மாற்ற மூன்று வாரம் ஆகும். நான் அந்த இரண்டு வரியைத் தூக்கினேன். அறுந்த செய்தியானாலும் வாசித்து சைரன் அடிக்கட்டும் என்று. சோதித்துப் பார்க்காமலும் இல்லை. மேசையில் ஒரு கருவியை வைத்து முழுச் செய்தி அனுப்பினேன், பிறகு ஒன்பது பைட்டில் வெட்டி அனுப்பினேன். சைரன் அடித்தது, கம்ப இலக்கமும் சரியாக வந்தது. பதினோராம் பைட்டே வராமல் இலக்கம் மட்டும் எப்படிச் சரியாக வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அன்றைக்குக் கொப்பியும் இல்லை, பக்கத்தில் உட்கார ஆளும் இல்லை. ஒரு நல்ல காரியத்தை அவசரமாகச் செய்கிறோம் என்ற பெருமை மட்டும் இருந்தது. மாலையில் சோமாவதி அக்காவை அழைத்து, “இனிமே பேசும், அக்கா” என்றேன். அவர் என்னை வாழ்த்தினார். அந்த வாழ்த்து இன்றைக்கும் காதில் குத்துகிறது.

பதினாறாம் நாள் கிராம சேவகர் அழைத்தார். முந்தின நாள் பொழுது சாய்கிற நேரம் சைரன் அடித்திருக்கிறது. போன்களில் வந்தது, ‘கம்பம் ஆறு’. ஆறாம் கம்பம் வடக்குப் பக்கம். ஊர் ஆண்கள் எல்லோரும் வெடியும் டோர்ச்சும் எடுத்துக்கொண்டு வடக்கே ஓடியிருக்கிறார்கள். அங்கே கம்பி அப்படியே இருந்தது. யானைகள் இரண்டு தெற்கே, முப்பத்தோராம் கம்பத்தைச் சாய்த்துவிட்டு சோமாவதி அக்காவின் குசினிச் சுவரைத் தள்ளின. உள்ளே இருந்த விதை நெல் வாசம்தான் காரணம். தூக்க ஆளில்லை. அக்கா புருஷனைப் பாயோடு சேர்த்துத் தனியாகவே பின்வாசலால் இழுத்திருக்கிறார். வாசற்படியில் விழுந்து அவர் புருஷன் பண்டா அண்ணனின் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. உயிர் தப்பியது இரண்டு பேருடைய பாக்கியம்.

கொம்பனியில் ஒரு கூட்டம் போட்டார்கள். பெட்டரி இறங்கியதால் வந்த கோளாறு என்று எழுதிக் கொடுத்து முடித்துவிடலாம் என்றார் ஒரு பெரிய அதிகாரி. மிஸ் உம்றாவிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவர் மெதுவாகத்தான் சொன்னார். “பெட்டரி செய்திய வெட்டின, சரி. பொய் சொன்னது எங்கட பெட்டி.”

பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போய் மேசையில் இரண்டு கருவிகளை வைத்தார். ஒன்றுக்கு ஆறு, மற்றதுக்கு முப்பத்தொன்று என்று இலக்கம். ஆறிலிருந்து முழுச் செய்தி. பெட்டி, ‘கம்பம் ஆறு’ என்றது. முப்பத்தொன்றிலிருந்து ஒன்பதில் வெட்டிய செய்தி. பெட்டி மறுபடியும், ‘கம்பம் ஆறு’ என்றது.

கொப்பியை விரித்து ஒன்பது கட்டத்தை நிரப்பினார். சிவப்புக் கோடு போட்டார். அதன் பிறகு பென்சிலை என்னிடம் நீட்டினார்.

“பதினோராவது, பன்னெண்டாவது கட்டத்துல என்ன கெடக்குது? நீங்களே எழுதுங்க, அண்ணன்.”

செய்திகள் எல்லாம் வந்து விழுவது நினைவகத்தில் ஒரே இடத்தில்தான். புதுச் செய்தி வரும்போது பழையதை யாரும் துடைப்பதில்லை. ஒன்பது பைட் வந்தால் முதல் ஒன்பது கட்டம்தான் மாறும். மிச்சத்தில் முந்தின செய்தி அப்படியே கிடக்கும். ஆறாம் கம்பத்தில் அன்று மத்தியானம் மாடு ஒன்று உரசி ஒரு தடவை செய்தி வந்திருந்தது. அந்த ஆறு அங்கேயே கிடந்தது. நான் சோதித்தபோது மேசையில் இருந்தது ஒரே ஒரு கருவி. பழைய இலக்கமும் புதிய இலக்கமும் ஒன்றாக இருந்ததால் என் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தது. நான் பென்சிலை வாங்கி ‘6’ என்று எழுதினேன். நாற்பதைத் தாண்டி, ஐம்பதையும் தாண்டிய ஆம்பிளை, ஒபிஸில் எல்லோரும் பார்க்க அழுதேன்.

மிஸ் கொப்பியை மூடினார். ஏசுவார் என்று காத்திருந்தேன். “லுஹர் தொழுதுட்டு வாரேன். வேனுக்குச் செல்லி வைங்க, லக்கலைக்குப் போவம்” என்றார்.

ரத்தோட்டை தாண்டி, ரிவர்ஸ்டன் மலை ஏறி இறங்கிப் போனோம். சோமாவதி அக்காவின் வீட்டில் குசினி இருந்த பக்கம் தகரம் சாத்தியிருந்தது. பண்டா அண்ணன் ஆஸ்பத்திரியில். அக்கா என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், மெலிந்த உடம்பு. அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஒரு ஆளை எப்படி இழுத்தார் என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பாதிச் செய்தி வந்ததையும், பெட்டி மீதியைப் பழைய செய்தியிலிருந்து எடுத்துப் போட்டதையும், அதைத் தடுத்த காவலைத் தூக்கியது நான்தான் என்பதையும்.

அவர் தகரத்தைப் பார்த்தபடி சொன்னார்.

“நாந்தானே கேட்டேன், எதையாவது சொல்லட்டும்னு.”

“கேட்டது நீங்க. எப்படிச் செய்யணும்னு தெரிஞ்சிருக்க வேண்டியது நான். பழி என்னோடது, அக்கா.”

மிஸ் இடையில் நுழைந்து, பழைய காவலைத் திரும்பப் போட்டுவிட்டோம், இனிப் பொய் சொல்லாது என்றார். சோமாவதி அக்கா நிமிர்ந்தார்.

“அப்ப மறுபடி ஊமையா?”

எல்லை மீறி வாசித்தால் பொய், வாசிக்காவிட்டால் மௌனம். பத்து வருடத்துக்கு மேல் இந்த வேலையில் ஊறிய எங்களுக்கு அதற்கு மேல் யோசனை ஓடவில்லை.

“கம்பி அறுந்ததுன்னு அதுக்குத் தெரியுமா?” என்று கேட்டார் அக்கா.

“தெரியும். அது முதல் பைட்லயே வந்துரும். எந்தக் கம்பம்னுதான் தெரியாது.”

“அப்ப அதையே சொல்லச் சொல்லுங்க. தெரியாட்டி தெரியாதுன்னு சொல்லட்டும். நாங்க எல்லாப் பக்கமும் பாத்துக்குவோம்.”

மிஸ் கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்து அந்த இடத்திலேயே கட்டம் போட்டார். ஒன்பது கட்டம், சிவப்புக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதை மட்டும் வாசி. கம்பம் கோட்டுக்கு அந்தப் பக்கம் என்றால் சைரனை நீளமாக அடி, எல்லாப் போனுக்கும் அனுப்பு: ‘கம்பி அறுந்தது. இடம் தெரியாது. எல்லாப் பக்கமும் பாருங்க.’ அக்கா சொன்ன சொல்லை மாற்றவில்லை. அதைச் சோதிக்க எழுதிய டெஸ்ட்டுக்கு மிஸ் தன் கையாலேயே பெயர் வைத்தார். துர்கா, உங்கள் திரையில் ஃபெயில் ஆகிக்கொண்டிருப்பது அதுதான்.

பண்டா அண்ணன் இரண்டு மாதத்தில் வீடு வந்தார். ஆனால் அதற்குப் பிறகு அவரை உட்கார வைக்க முடியவில்லை. ஐந்து வருடம் படுக்கையிலேயே இருந்து போய்ச் சேர்ந்தார். நான் வருடத்துக்கு இரண்டு தடவை போய் அவருக்கு முகம் மழித்துவிடுவேன். அதனால் எதுவும் சரியாகிவிடாது என்று எனக்குத் தெரியும். போகாமல் இருக்க முடியவில்லை, போனேன். அக்கா இன்றைக்கும் அறுவடை முடிந்ததும் மாத்தளை பஸ்ஸில் ஒரு பை பயறு போட்டு விடுகிறார்.

இவ்வளவையும் எழுதி துர்காவுக்கு அனுப்பினேன். மறுநாள் அழைத்தார்.

“அங்கிள், பாத்தேன். புது கோட் எல்ல தாண்டி வாசிக்கல, அது உண்மதான். ஆனா ஒன்பது பைட் வந்ததும் அப்படியே நின்னு பெட்டி ரீஸ்டார்ட் ஆகுது. ஒரு நிமிஷத்துக்கு மேல சத்தமே இல்ல. நாங்க இத பாதுகாப்புன்னு நெனச்சிட்டோம்.”

“நானும் ஒரு காலத்துல அப்படித்தான் நெனச்சேன்.”

“நாளைக்கே திருத்திடுறேன். ஒன்னு கேக்கவா? அந்த மாதிரி செய்தி நிஜமாவே வருமா? அந்தத் திருத்தத்துக்கு அப்புறம் எப்பவாச்சும் வந்திச்சா?”

வந்தது. ஒரே ஒரு தடவை. லக்கலைக்கு நாங்கள் போய்வந்து ஏழு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நான்கு மணி. போனில் சோமாவதி அக்கா. பின்னால் ஒரே ஆள் சத்தம்.

“என்னக்கா? யானையா?”

“யானை இல்ல. கம்பி மேல கொப்பு முறிஞ்சி விழுந்திருக்கு, இப்பத்தான் கண்டுபுடிச்சாங்க.” மூச்சு வாங்கினார். அதுவரை என்னை மஹத்தயா என்று மட்டுமே கூப்பிட்டவர், அன்றைக்குத்தான் முதல் தடவை தம்பி என்றார், அவருடைய மொழியில். “மல்லி, பெட்டி தெரியாதுன்னு சொல்லிச்சு. எந்தப் பக்கம்னு தெரியாததால எல்லாப் பக்கமும் ஆளு ஓடியிருக்கு. இங்க மட்டும் ஏழெட்டுப் பேரு. அவரக் கட்டிலோட தூக்கி மாமரத்தடியில வச்சிட்டாங்க, காத்து வாங்கிக்கிட்டு சிரிச்சிக்கிட்டு இருக்காரு. நான் வச்சிர்றேன் மல்லி, எல்லாருக்கும் பிளேன்டீ ஊத்தணும். வீட்டுல கோப்பை பத்தல.”